சாவிக்குப் பதில் கைரேகையா, அட்டையா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். அலுவலகத்தில் 40 பேர் பணிபுரிகின்றனர். முன்வாசல், மாதிரி ஆடைகள் உள்ள அறை, கணக்குப் பிரிவு என மூன்று கதவுகள் உள்ளன. வேலையை விட்டுச் சென்ற இருவர் சாவியைத் திருப்பித் தரவில்லை. எல்லாக் கதவுகளுக்கும் கைரேகைப் பூட்டுப் போடலாமா? மின்தடை வந்தால் என்ன ஆகும்?

பதில்: அந்த இரண்டு சாவிகளுக்கும் உரிய பூட்டுகளை முதலில் மாற்றிவிடுங்கள். மின்னணுப் பூட்டு வந்த பிறகும் அவசரத் தேவைக்காகப் பழைய பூட்டையும் கதவிலேயே விட்டுவைப்பது வழக்கம் என்பதால், வெளியே போன சாவி அப்போதும் உங்கள் கதவைத் திறக்கும்.

சாவியில்லா முறையின் பெரிய பயன், மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் ஒருவருடைய அனுமதியை மட்டும் நீக்க முடிவதுதான். ஆனால் அதை யாராவது செய்தாக வேண்டும். கணக்கு முடிக்கும் படிவத்தில் ‘நுழைவு அனுமதி நீக்கப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்து, அதில் கையெழுத்தான பிறகே கடைசிச் சம்பளம் வழங்கப்பட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கைரேகையை நான் பரிந்துரைக்கவில்லை. துணியோடும் சாயத்தோடும் பல ஆண்டுகள் உழைத்தவர்களின் விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி அவர்களைத் தினமும் வாசலில் நிறுத்தி வைக்கும். மேலும், கைரேகை திருடுபோனால் அட்டையைப் போல மாற்றித் தர முடியாது; 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துள்ள நிலையில், அதைச் சேமித்து வைக்கும் பொறுப்பும் உங்களுடையதாகிறது. முன்வாசலுக்கும் மாதிரி அறைக்கும் அட்டை போதும். கணக்குப் பிரிவுக்கு அட்டையோடு ரகசிய எண்ணும் கேட்கும்படி அமையுங்கள்.

அட்டையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மலிவாகக் கிடைக்கும் 125 கிலோஹெர்ட்ஸ் அட்டை, எந்த ரீடர் (அட்டையைப் படிக்கும் கருவி) அருகில் வந்தாலும் தன் எண்ணை அப்படியே சொல்லிவிடும். சிறு கருவி ஒன்றால் சில நொடிகளில் அதற்கு நகல் எடுத்துவிடலாம். மைஃபேர் கிளாசிக் என்ற வகை அட்டையின் குறியாக்கத்தையும் (தகவலை மறைத்து வைக்கும் முறை) நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இலேயே உடைத்துக் காட்டிவிட்டனர். எனவே அதைவிடப் பாதுகாப்பான மைஃபேர் டெஸ்ஃபயர் இவி2 அல்லது இவி3 வகை அட்டை என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். அதோடு, ரீடர் அட்டையின் வரிசை எண்ணை மட்டும் படிக்கிறதா, குறியாக்கம் செய்யப்பட்ட பகுதியைப் படிக்கிறதா என்றும் கேளுங்கள். வரிசை எண்ணை மட்டும் படிப்பதாக இருந்தால், விலை உயர்ந்த அட்டைக்குக் கொடுத்த பணம் வீண்.

கதவைத் திறக்க உத்தரவிடும் ரிலே, வெளிச்சுவரில் மாட்டிய கருவிக்குள்ளேயே இருந்தால், அதைக் கழற்றி இரண்டு கம்பிகளை இணைப்பவர் உள்ளே வந்துவிடலாம். வெளியே ரீடர் மட்டும் இருக்கட்டும். அனுமதியைச் சரிபார்த்து ரிலேயை இயக்கும் கன்ட்ரோலர் பூட்டிய அறைக்குள் இருக்க வேண்டும். பொருத்துபவர் கிளம்பும் முன் தொழிற்சாலை நிலையிலுள்ள நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லுங்கள்.

இனி மின்தடை. முன்வாசல்களில் பரவலாகப் பொருத்தப்படும் மின்காந்தப் பூட்டு, மின்சாரம் இருக்கும்வரைதான் கதவைப் பிடித்திருக்கும். ஏறத்தாழ 270 கிலோ இழுவிசையைத் தாங்கும் 12 வோல்ட் பூட்டு ஒன்று அரை ஆம்பியர் அளவுக்கு எடுத்துக்கொள்ளும் என்பதால், 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 14 மணி நேரம் வர வேண்டும்; ஆனால் கன்ட்ரோலரும் அதே பேட்டரியில் ஓடி, பேட்டரிக்கும் இரண்டு வயதாகிவிட்டால், பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்திய மின்சாரம் மாலையில் திரும்பும்வரை அது தாங்கும் என்று நம்ப முடியாது. ஆகவே கணக்குப் பிரிவுக்கு, மின்சாரம் போனாலும் வெளிப்பக்கம் பூட்டியே இருந்து, உட்பக்கம் கைப்பிடியைத் திருகியதும் திறக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த உட்பக்கத் திறப்பில் சிறிதும் விட்டுக்கொடுக்காதீர்கள். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியபோது 146 பேர் இறந்தனர். தப்பிக்க வேண்டிய படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டியிருந்தது. உங்களுடையதும் ஆடைத் தொழில்தான். மின்காந்தப் பூட்டு உள்ள ஒவ்வொரு கதவின் உட்பக்கமும், கன்ட்ரோலரை நம்பாமல் பூட்டின் மின்சாரத்தையே நேரடியாகத் துண்டிக்கும் அவசரப் பொத்தான் வேண்டும். தீ எச்சரிக்கை மணி அடித்தால் பூட்டுகள் தாமாக விடுபடும்படியும் இணைக்க வேண்டும்.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரியையும் கழற்றச் சொல்லி, மூன்று கதவுகளையும் உள்ளிருந்து நீங்களே திறந்து பாருங்கள்.