பழைய உப்புநீர்த் தொட்டி வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா நகரில் ஒருவர் வேலை மாற்றலாகிப் போவதால் தன் நாலடி உப்புநீர் மீன் தொட்டியை ஸ்டாண்ட், செயற்கைப் பாறைகள், ஒரு ஜோடி கோமாளி மீன் எல்லாம் சேர்த்துத் தருகிறார். பழைய தண்ணீரை அப்படியே கொண்டுபோய் ஊற்றினால் அன்றைக்கே தொட்டி தயார் என்கிறார். நம்பலாமா?
- வாசகர், மேடவாக்கம்

பதில்: தண்ணீரைக் கொண்டுவாருங்கள், உப்புச் செலவு மிச்சம். ஆனால் தொட்டியைத் தயாராக வைத்திருப்பது தண்ணீர் இல்லை, பாறைதான். மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியா பாறையின் துளைகளிலும் ஃபில்டர் பஞ்சிலும்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். பாறை காய்ந்தால் அதுவும் செத்துவிடும், அப்புறம் புதிதாக வளர்ந்து வர ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். அதனால் பாறைகளை மூடி போட்ட டிரம்மில் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்கவைத்துக் கொண்டுவாருங்கள். மீனைத் தனி வாளியில் விடுங்கள், பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம். பாறையோடு போட்டால் குட்டியானை வண்டி முதல் ஸ்பீடு பிரேக்கரைத் தாண்டும்போதே மீன் நசுங்கிவிடும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

அடி மணலைத் தூக்கிப் போடுங்கள். வருஷக்கணக்கில் கிளறாமல் கிடந்த மணலைக் கிளறினால் அழுகின முட்டை வாடை வரும், அது ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்கு விஷம். புது மணல் ஒன்றும் பெரிய செலவில்லை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மீனும் பாறையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில், ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தால், சில நாள் தாராளமாக இருக்கும். அதற்குள் தொட்டியை ஸ்டாண்டில் வைத்து (அடியில் தெர்மோகோல், மேலே ரசமட்டம்) சாதா தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் தண்ணீரே 250 லிட்டர். கண்ணாடி, பாறையெல்லாம் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டும், கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பழைய சிலிக்கான் பசை அதைத் தாங்குமா என்பது அப்போதுதான் தெரியும். கொண்டுவந்த பழைய தண்ணீர் போதாவிட்டால், மீதிக்கு ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை போட்டு, முந்தின நாளே பம்ப் ஓடவிட்டுக் கரைத்து, ஒப்படர்த்தி (சாதா தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்கிற அளவு) 1.025 வருகிறதா என்று உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் பாருங்கள். மீன் நீந்துகிற தொட்டியில் உப்பைக் கொட்டிக் கரைக்கிற வேலை வேண்டாம். முதல் இரண்டு வாரம் அடிக்கடி அமோனியா சோதனை, தீனியைக் கொஞ்சமாகப் போடுங்கள், புது மீன் எதுவும் வாங்காதீர்கள்.

காசு கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: மீனுக்கு நோய் வந்தபோது தாமிரம் கலந்த மருந்து இதே தொட்டியில் ஊற்றினாரா? ஊற்றியிருந்தால் அது பாறையில் ஊறி நிற்கும், பின்னாடி நீங்கள் ஆசைப்பட்டு விடுகிற இறால் பிழைக்காது.

கேள்வி: தொட்டியோடு நிஜப் பவளத் துண்டுகளும் இலவசம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டவே வேண்டாம். கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன, உயிரோடு இருந்தாலும் செத்துக் காய்ந்திருந்தாலும் ஒன்றுதான். கடலில் பெயர்த்த பவளக் கல்லை ‘லைவ் ராக்’ என்று விற்பதும் இதே கதை. கடல் குதிரையும் கூடாது. கோமாளி மீன் அப்படியில்லை, ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறது. பண்ணையில் பொரித்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தினமும் தண்ணீர் குறைகிறது. உப்புத் தண்ணீர்தானே ஊற்ற வேண்டும்?
- வாசகர், திருச்சி

பதில்: இல்லை. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. நீங்கள் மேலும் உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளுக்கு நாள் கரிப்பு ஏறி மீன் திணறும். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் போதும். கண்ணாடியின் வெளிப்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டு தினமும் அதுவரை நிரப்புங்கள்.