பைபர் படகுப் பட்டறைக்கு எந்த மாஸ்க்?

கேள்வி: பைபர் படகு கட்டும் பட்டறையில் கிரைண்டிங் வேலை. என்95 மாஸ்க் போட்டும் ரெசின் வாடை மூக்கில் ஏறுகிறதே? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஏறத்தான் செய்யும். என்95 தூசியைத்தான் பிடிக்கும். ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் ஆவி அதன் வழியே தாராளமாகப் போகும். ஆவிக்குக் கரி நிரப்பிய டப்பா, அதாவது ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் வேண்டும், அதன் முன்னால் தூசி ஃபில்டர். இரண்டும் மாட்டிய ரப்பர் அரைமுக மாஸ்க் வாங்குங்கள். தாடி இருந்தால் வீண். ஓரத்தில் காற்று புகும். போட்டதும் கார்ட்ரிட்ஜ்களை உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் வையுங்கள். திறந்தபடி ஆணியில் தொங்கினால் கரி சும்மாவே தீர்ந்துபோகும். உள்ளே வாடை தெரிந்தால் கார்ட்ரிட்ஜை மாற்றும் நேரம் ஏற்கெனவே தாண்டிவிட்டது. சட்டையில் படிந்த தூளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். அந்த நேரம் பார்த்துத்தான் மாஸ்க் கழுத்தில் தொங்கும்!