இணையத்தில் போடும் சாதாரணப் பதிவில் கணக்கின் அடுக்கு, வர்க்கமூலம், பின்னம் எல்லாம் தெளிவாக எழுதுவது எப்படி? கையால் எழுதிப் படம் எடுத்துப் போட்டால் போதாதா?

போதாது. நீங்கள் கைப்பேசியில் தட்டச்சு செய்கிறவர், குறிகளைத் தேடித் தேடி அலுத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அலுப்பு நியாயமானதுதான். ஆனால் படத்துக்குள் இருக்கும் கணக்கை எளிதில் நகலெடுத்துத் திருத்த முடியாது. திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு அங்கே கணக்கே இல்லை.

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் வந்ததற்குக் காரணம் உண்டு. நாணயத்தை 10 முறை சுண்டினால் பத்திலும் தலையே விழ நிகழ்தகவு என்ன என்று ஒரு கேள்வி-பதில் தளத்தில் ஒருவர் கேட்டிருந்தார். 1/2¹⁰ என்று எழுதி, ஏன் அப்படி என்பதையும் விளக்கினேன். அந்தத் தளத்தின் மேலெழுத்து வசதியைப் பயன்படுத்தியிருந்தேன். பக்கத்தில் கச்சிதமாகவே தெரிந்தது. யாரோ அந்த ஒரு வரியை மட்டும் நகலெடுத்து வேறொரு குழுவில் ஒட்ட, மேலெழுத்து கீழே இறங்கி 1/210 ஆகிவிட்டது. சரியான விடை 1/1024. ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம்! அடிப்படையே தெரியாதவர் என்று என்னைப் பேசினார்கள். மூலப் பதிலைக் காட்டலாம் என்று போனால், கேட்டவர் கேள்வியையே நீக்கியிருந்தார், என் பதிலும் அதோடு போயிருந்தது. விடை கிடைத்த கையோடு கேள்வியை அழிப்பவர்களை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. பதில் எழுதியவரின் ஒரு மாலை நேரம் உங்களுடைய சொத்து அல்ல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் பொதுத் தரமான யூனிகோடிலேயே ⁰, ¹, ², ³ போன்றவை தனி எழுத்துகளாக இருக்கின்றன. பல கைப்பேசி விசைப்பலகைகளில் எண்ணை அழுத்திப் பிடித்தாலே வரும். இவை எழுத்து என்பதால் பெரும்பாலும் நகலெடுத்தாலும் நிலைக்கும். கிடைக்காவிட்டால் 2^10 என்றே எழுதுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். பெருக்கலுக்கு × குறி போடுங்கள். நட்சத்திரக் குறி வேண்டாம். மார்க்டவுன் (நட்சத்திரம் போன்ற குறிகளை எழுத்து வடிவமைப்பாக மாற்றும் முறை) ஏற்கும் தளங்களில் 2*3*4 என்று எழுதினால் நட்சத்திரங்கள் மறைந்து, 3 மட்டும் சாய்ந்து, 234 என்று நிற்கும். < குறிக்கு இருபுறமும் இடைவெளி விடுங்கள். ஒட்டி ஆங்கில எழுத்து வந்தால் சில இடங்களில் உலாவி அதை இணையப் பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல் கட்டளை என்று எண்ணி விழுங்கிவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் அடைப்புக்குறி. தாளில் பின்னக்கோடும் வர்க்கமூலத்தின் மேற்கோடும் எதுவரை நீள்கின்றன என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரே வரியில் எழுதும்போது அந்த வேலையை அடைப்புக்குறிதான் செய்ய வேண்டும். √9+16 என்றால் 19-ஆ, 5-ஆ? √(9+16) என்றால் 5 மட்டும்தான். 2019-ல் 8÷2(2+2) என்ற கணக்குக்கு விடை 16-ஆ, 1-ஆ என்று இணையமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கணக்கு கடினம் என்பதால் அல்ல, எழுதிய விதம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுத்ததால். 8/(2(2+2)) என்றோ (8/2)(2+2) என்றோ எழுதியிருந்தால் சண்டைக்கே இடமில்லை.

கணக்கை அழகாக அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் வருவார்கள். எனக்கும் லேடெக் பிடிக்கும். தன் புத்தகத்தின் அச்சுக்கோப்பு சகிக்கவில்லை என்று கணினி அறிவியலாளர் டொனால்ட் க்னூத் 1970-களில் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு நிரலின் மேல் கட்டியது அது. அழகில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் நிரல் அந்தப் பக்கத்தில் இல்லையென்றால், படிப்பவருக்குப் பின்சாய்வுக் கோடும் நெளி அடைப்புக்குறியும் மட்டுமே தெரியும். அணிகள், எல்லைகளோடு வரும் தொகையீடுகள் ஆகியவற்றை மட்டும் ஒரே வரியில் அடக்க முயலாதீர்கள். தளத்தில் லேடெக் இருந்தால் அதில் எழுதுங்கள். இல்லையென்றால் படம் போடலாம், அப்போதும் அதில் என்ன இருக்கிறது என்பதைக் கீழே சொற்களில் எழுதிவிடுங்கள்.