ஏழாம் வகுப்புக்கு நீட் கோர்ஸ் வேண்டாம், முதலில் கழித்தலைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் மெட்ரிக் பள்ளியில், ஆங்கில வழியில், ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஐந்தாம் வகுப்பு வரை நல்ல மதிப்பெண் வாங்கினாள். இப்போது கணக்கில் 40-ஐத் தாண்டுவதில்லை. நானும் கணவரும் தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவர்கள், சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. பள்ளியிலேயே ஒரு கோச்சிங் நிறுவனம் தேர்வு நடத்தியது. மகளுக்கு 60 சதவீதம் ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறது, மூன்று வருட நீட் ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேருங்கள், மீதியைத் தவணையில் கட்டலாம் என்கிறார்கள். 2,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கொடுத்துவிட்டோம். வகுப்பு ஆசிரியையும் சேர்க்கத்தான் சொல்கிறார். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். 2,000 ரூபாய் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை, சேர்க்காதீர்கள்.

முதலில் அந்த ஸ்காலர்ஷிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்காலர்ஷிப் என்றால் உங்கள் கைக்குப் பணம் வர வேண்டும். இங்கே உங்கள் கையிலிருந்து பணம் போகிறது. கட்டணத்தை முதலிலேயே ஏற்றி வைத்து, தேர்வு எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு சதவீதம் குறைத்துக் கொடுப்பது இந்தத் தொழிலில் பழைய உத்தி. கணக்கில் 40 வாங்கும் பிள்ளைக்கு 60 சதவீதச் சலுகை எதற்காகக் கிடைத்தது? அவள் எழுதிய விடைத்தாளைக் கேட்டுப் பாருங்கள், காட்டமாட்டார்கள்.

நீட் தேர்வின் பாடத்திட்டம் 11, 12-ஆம் வகுப்புப் பாடங்களிலிருந்து வருகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், 16 வயதுக்குக் குறைந்த மாணவர்களைக் கோச்சிங் மையங்கள் சேர்க்கக் கூடாது என்று எழுதியே இருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். பள்ளி வளாகத்துக்குள்ளேயே கடை போடுகிறார்கள், யாரும் கேட்பதில்லை. வழிகாட்டுதல் போட்டவர்களும் கேட்பதில்லை, பள்ளிக்கு அங்கீகாரம் கொடுத்தவர்களும் கேட்பதில்லை. பெற்றோர் மட்டும்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, மகளுக்கு என்னதான் பிரச்சினை? 40 என்ற எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் மூன்றாம் வகுப்பில் விட்டுப்போனது ஏழாம் வகுப்பு வரை யார் கண்ணிலும் படாமல் வந்துவிடுகிறது. முந்தைய வகுப்புகளில் நோட்டில் இருந்ததை மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் வந்திருக்கும். ஏழாம் வகுப்பில் குறை எண்களும் இயற்கணிதமும் வரும்போது அது பலிப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கும்போது, ஒரு தாளில் இந்தக் கணக்குகளைப் போடச் சொல்லுங்கள். 402-இலிருந்து 178-ஐக் கழிக்க வேண்டும். விடை 224. அவள் 376 என்று எழுதினால், கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள். அடுத்து, 816-ஐ 8-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 102 வர வேண்டும். 12 என்று எழுதினால் இட மதிப்பு தடுமாறுகிறது. மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா என்று கேளுங்கள். நான்கில் ஒரு பங்கு என்றால், பின்னம் அவளுக்கு வெறும் இரண்டு எண்கள்தான். ஏழாம் வாய்ப்பாட்டை வரிசையாக ஒப்பிக்க விடாமல், நடுவிலிருந்து கேளுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ஒரு டஜன் வாழைப்பழம் 60 ரூபாய், ஐந்து பழம் எவ்வளவு என்று தமிழில் வாயால் கேளுங்கள். அதே மாதிரி ஒரு கணக்கை அவளுடைய ஆங்கிலப் புத்தகத்திலிருந்து படித்துப் போடச் சொல்லுங்கள். தமிழில் சட்டென்று 25 என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் விழித்தால், அவளுக்குக் கணக்கு வருகிறது, கேள்விதான் புரியவில்லை. ஆங்கில வழிப் பிள்ளைகள் பலரிடம் நான் பார்ப்பது இதைத்தான். இதற்கு எந்த ஃபவுண்டேஷன் கோர்ஸிலும் மருந்து கிடையாது, ஏனென்றால் அங்கேயும் ஆங்கிலத்தில்தான் நடத்துவார்கள்.

உங்களால் சொல்லிக்கொடுக்க முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். மெட்ரிக் பள்ளியிலும் இப்போது சமச்சீர்ப் பாடம்தான். பாடநூல் கழகம் அதே கணக்குப் புத்தகத்தைத் தமிழிலும் அச்சிடுகிறது. இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். நான்காம், ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரை படித்த உங்களுக்கு அது நிச்சயம் வரும். தினம் அரை மணி நேரம், மேலே சொன்னவற்றில் எங்கே தடுக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். ஏழாம் வகுப்புப் பாடத்தைத் தொடாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல், வீட்டுப்பாடம் முடித்துக் களைத்த பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். அவள் போட்ட கணக்கை அவளே உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். சொல்லும்போதே எங்கே தவறுகிறது என்று பாதி நேரம் அவளுக்கே தெரிந்துவிடும்.

ஆசிரியையிடம் போகும்போது மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்காதீர்கள். கவனமில்லை, விளையாட்டுப் புத்தி என்றுதான் பதில் வரும். விடைத்தாளைக் கையில் வாங்கி, எந்த வகைக் கணக்கில் தொடர்ந்து தவறுகிறாள் என்று கேளுங்கள். வீட்டில் அவள் போட்ட தாளையும் காட்டுங்கள். ஒரு நல்ல ஆசிரியைக்கு 376 என்ற அந்த விடை ஒன்றே போதும். இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன்: தவறுக்குச் சிவப்புக் கோடு போட்டுவிட்டு சிலபஸை முடிக்க ஓடுவதில் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலையிலிருந்து கற்பிக்கச் சொல்கிறார்கள். நடைமுறையில் குறைகள் உண்டு, ஆனால் யோசனை சரியானது. கட்டணம் வாங்கும் பள்ளிகள் அதைக்கூடச் செய்வதில்லை, டியூஷனுக்கு அனுப்புங்கள் என்கிறார்கள். தங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கே மாலையில் டியூஷன் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது என்பதை அவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வாயால் கேட்டால் நன்றாகப் பதில் சொல்கிறாள், ஆனால் தமிழிலும்கூட மூன்றாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறித்தான் படிக்கிறாள், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதுகிறாள், சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றால், கற்றல் குறைபாடு இருக்கலாம். டிஸ்லெக்சியா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை நல மருத்துவரையும் உளவியல் நிபுணரையும் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகவும், சொல்வதை எழுத ஆளும், ஒரு மொழிப்பாட விலக்கும் தலைமை ஆசிரியர் வழியாகக் கேட்டுப் பெறலாம். பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். கடைசி நேரத்தில் ஓடுகிறவர்களிடம்தான் புரோக்கர்கள் பணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிறேன் என்பார்கள். அவர்களிடம் போகவே போகாதீர்கள். அடையாளங்கள் ஒன்றிரண்டு மட்டும் தெரிந்தால் பயப்படவும் வேண்டாம், மூன்று மாதம் வீட்டுப் பயிற்சி கொடுத்துவிட்டுப் பாருங்கள். பயிற்சிக்குப் பிறகும் படிப்பு நகரவே இல்லை என்றால் உடனே போங்கள்.

தவணைக்கு வருகிறேன். அது பள்ளிக் கட்டணம் மாதிரி இல்லை. பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். பிள்ளை இரண்டே மாதத்தில் நின்றாலும் கடன் நிற்காது, வங்கிக் கணக்கிலிருந்து தவணை போய்க்கொண்டே இருக்கும். ஆதார், பான், ரத்து செய்த காசோலை எதையும் கொடுக்காதீர்கள், மொபைலுக்கு வரும் ஓடிபியைச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் நாளைக்கே வங்கிக்குப் போய், தானியங்கித் தவணைக்கு அனுமதி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து ரத்து செய்யுங்கள். கடன் ஒப்பந்தமே பதிவாகியிருந்தால், அதை ரத்து செய்யச் சொல்லி நிதி நிறுவனத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். 2,000 ரூபாய்க்கான ரசீதை வைத்துக்கொண்டு, சேர விருப்பமில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.