பத்தை வெட்ட முதல் கவுன்சிலைக் கேளும், தம்பி

தம்பி, விசா வந்திட்டுது, மெல்பேர்ணுக்கு வெளியில அண்ணர் வாங்கின பத்து ஏக்கரில பத்தையளை அழிச்சுப்போட்டுக் கத்தரியும் முருங்கையும் வைக்கப் போறன், மெஷின் வாடகை என்ன, கிட்டடியில தமிழ்க்கடை இருக்கோ எண்டு கேட்டிருந்தீர். கடையெல்லாம் போய் ஒரு கிழமையிலயே கண்டுபிடிச்சிடுவீர். மெஷின் கதையை இப்ப விடும்.

மெல்பேர்ண் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில காணி உறுதி உம்மட பேரில இருந்தாலும், அந்த மண்ணில தானா முளைச்ச உள்ளூர் மரம், செடி, புல்லை அழிக்கக் கவுன்சில், அதாவது எங்கட பிரதேச சபை மாதிரியான சபை, தாற பெர்மிட் வேணும். கொப்பு வெட்டுறதும் அதுக்குள்ள அடங்கும். சில விலக்குகள் இருக்கு. 0.4 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய எங்கட 16 பரப்புக்கு, உட்பட்ட காணியெண்டால் இந்த விதி பொதுவா இல்லை. பத்து ஏக்கர் தப்பாது. பெர்மிட் தந்தாலும் சும்மா தராயினம். அழிக்கிறதுக்கு ஈடா, வேற இடத்தில பாதுகாக்கிற காட்டுக்கான கிரெடிட்டைக் காசு குடுத்து வாங்க வேணும். அண்ணர் காணி விலையோட இதையும் கூட்டிப் பார்த்தவரோ?

நெருப்புக்குப் பயந்து வெட்டுறதுக்கு வேற விதி. 2009 பெப்ரவரி 7 காட்டுத்தீயில 173 பேர் செத்தவை. காட்டுத்தீ ஆபத்துப் பகுதியில, 2009 செப்டெம்பர் 10க்கு முதல் கட்டின வீடெண்டால், சுத்திவர 10 மீற்றருக்குள்ள மரத்தையும் வெட்டலாம். 30 மீற்றர் வரை மரத்தை விட்டுப்போட்டு மற்றப் பத்தையளை வெட்டலாம். வெறுங்காணிக்கு இது பொருந்தாது. ஆனா பிளாக்பெரி எண்ட களை முள்ளு படர்ந்து கிடந்தால் அதை அடக்குறது காணிக்காரன்ர கடமை, 1994 சட்டம் அப்பிடி.

காணி விக்கிறவையும், முந்தி வந்த எங்கட ஆக்கள் சிலரும் "புல்லுத்தானே, ஆர் பாக்கிறது" எண்டுவினம். கேளாதையும். வானத்திலயிருந்து எடுக்கிற படத்தில எல்லாம் தெரியும்.

நான் வந்த புதிசில ஷெப்பார்ட்டன் பக்கம் பழம் ஆய்ஞ்சனான். குளிர், பாஷை தெரியாது, கை முழுக்கக் கீறல். பக்கத்து வெளிக்கு நடுவில பட்டுப்போன பெரிய ரெட் கம் எண்ட யூகலிப்டஸ் மரம் ஒண்டு. டிராக்டர் ஒவ்வொரு முறையும் அதைச் சுத்தி வளைஞ்சுதான் போகும். விறகுக்குத் தறிச்சால் என்ன எண்டு முதலாளியைக் கேட்டன். ஆள் ஒண்டும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொந்தைக் காட்டினார். ரோசாநிறக் கிளியள் எட்டிப் பாத்துது. நிலத்திலயிருந்து 1.3 மீற்றர் உயரத்தில 40 சென்ரிமீற்றர் குறுக்களவு இருந்தால், பட்ட மரத்துக்கும் அங்க பெர்மிட் வேணும்.

எங்களுக்கு இது புதிசில்லை. பலா, ஈரப்பலா, பெண்பனை தறிக்க அனுமதி வேணுமெண்டு இலங்கையில 1951இலயே சட்டம் வந்திட்டுது. ஐயா கிராம சேவகரிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு கந்தோருக்கு அலைஞ்சது எனக்கு ஞாபகம். சண்டையில எத்தினை பனை பங்கருக்குப் போச்சு, எத்தினை செல்லில தலை இழந்துது. தப்பின வடலியெல்லாம் இப்பதான் வளர்ந்து நிக்குது. நான் இப்ப கொடிகாமத்தில நிக்கிறன். வெளிநாட்டில பெர்மிட் இல்லாமல் ஒரு கொப்பு முறிக்காத ஆக்கள், இஞ்ச லீவில வந்து ஜேசிபி பிடிச்சு ஒரு பின்னேரத்தில வடலிக்காணியை வழிச்சுப்போட்டு மதில் கட்டீனம். நெஞ்சு பத்துது.

அண்ணரிட்டக் காணி முகவரியை வாங்கி அனுப்பும். எந்தக் கவுன்சில், காணிக்கு மேலதிகக் கட்டுப்பாடு ஏதும் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுறன்.