குளிசை போட்டும் ரீ.எஸ்.எச் ஏறுகிறதே, ஏன்?

கோப்பாயில் இருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எனக்கு 34 வயது. தைரொயிட் சுரப்பி சோர்ந்ததால் மூன்று வருடமாகத் தைரொக்சின் 100 மைக்ரோகிராம் போடுகிறேன். போன வருடம் ரீ.எஸ்.எச் (சுரப்பியைத் தூண்ட மூளை அனுப்பும் ஹோர்மோன்) 2.6. இப்ப 11.4 என்று வந்திருக்கிறது. கிளினிக்கில் 125 ஆகக் கூட்டி எழுதிவிட்டார்கள். இரத்தச்சோகைக்கும் குளிசை தந்திருக்கிறார்கள், காலையில் எல்லாத்தையும் ஒன்றாகவே போட்டுவிடுவேன். பக்கத்து வீட்டு அன்ரி, கடற்பாசியில் செய்த கப்சூல் இருக்கு, மூன்று மாதம் எடுத்தால் தைரொயிட் குளிசையே தேவையில்லை என்கிறா. ஒரு போத்தல் 9,500 ரூபா. எடுக்கலாமா? வாழ்நாள் முழுக்கக் குளிசை போட்டால் கிட்னி பழுதாகுமா?"

கிட்னிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பழுதாகாது. உங்கள் கழுத்தில் இருக்கும் சுரப்பி சுரக்கவேண்டிய அதே ஹோர்மோன்தான் அந்தக் குளிசையில் இருக்கிறது. அளவு சரியாக இருந்தால் கிட்னிக்கும் ஈரலுக்கும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

மற்றக் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "காலையில் எல்லாத்தையும் ஒன்றாகவே" என்று எழுதினீர்களே, பெரும்பாலும் அதுதான் விஷயம். இரத்தச்சோகைக்குத் தரும் இரும்புச்சத்துக் குளிசை குடலுக்குள் தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்சியமும் அப்படித்தான், நெஞ்செரிவுக்குக் குடிக்கும் மருந்துகள் சிலவும் அப்படித்தான். நீங்கள் விழுங்குவது 100. இரத்தத்துக்குப் போய்ச் சேருவது அதைவிடக் குறைவு. ஹோர்மோன் போதவில்லை என்றால் மூளை சும்மா இருக்காது, ரீ.எஸ்.எச்சைக் கூட்டிக் கூட்டி அனுப்பும். அதுதான் அந்த 11.4.

கிளினிக்கில் இதை ஒருவரும் கேட்கவில்லையா என்றால், கேட்டிருக்க மாட்டார்கள். விடியப்புறம் வந்து நம்பர் எடுத்த சனம் வாங்கில் நிரம்பி இருக்கும். ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம். ரிப்போட்டில் இலக்கம் கூடியிருக்கிறது, மருந்தைக் கூட்டு, அடுத்த ஆள். இரத்தச்சோகைக் குளிசை எழுதினது வேறொரு கிளினிக், வேறொரு கொப்பி. ஒரே மனுசிக்கு இரண்டு கொப்பி, அந்த இரண்டும் ஒருநாளும் ஒரே மேசைக்கு வருவதில்லை! எத்தனையோ கூட்டங்களில் சொல்லியாயிற்று, தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போகிறார்கள். ஆகவே அடுத்த முறை நீங்களே இரண்டு கொப்பியையும் கொண்டுபோய் டொக்டருக்கு முன்னால் விரித்து வையுங்கள்.

125 பற்றியும் அவரிடமே கேளுங்கள்: "இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன், இனிப் பிரித்துப் போடுகிறேன், 100 இலேயே வைத்துப் பார்க்கலாமா?" நேரத்தையும் திருத்தி, மருந்தையும் கூட்டினால் இரண்டு மாதத்தில் அளவு மிஞ்சிவிடலாம். அப்போது படபடப்பு, நித்திரையின்மை, கை நடுக்கம் என்று வேறு கதை தொடங்கும்.

தைரொக்சினை எழும்பினவுடன் வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரோடு போடுங்கள். அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி. பிளேன் ரீ என்றாலும் பொறுக்கவேண்டும். இரும்புச்சத்துக் குளிசை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டுக்கும் இடையில் குறைந்தது 4 மணித்தியாலம் இருந்தால் சரி. ஆஸ்பத்திரியில் பேப்பர் கவரில் எண்ணிப் போட்டுத் தரும் குளிசைகளைக் குசினியில், அடுப்புக்கு மேல் தட்டில் செருகி வைக்காதீர்கள். தைரொக்சினுக்கு வெக்கையும் ஈரமும் ஆகாது. மூடியுள்ள சின்னப் போத்தலில் போட்டு, வெயில் படாத அறையில் வையுங்கள்.

திரும்ப இரத்தம் சோதிப்பது 6 முதல் 8 கிழமை கழித்து. அதற்கு முன்னம் சோதித்தால் ஆய்வுகூடத்துக்குத்தான் லாபம். தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு கிழமை செல்லும், ரீ.எஸ்.எச் அதைவிட ஆறுதலாகத்தான் அசையும். கிளினிக் நாளுக்கு முதல் கிழமை மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டு வருகிறவர்களும் இதில்தான் பிடிபடுகிறார்கள்: ரீ-4 (இரத்தத்தில் உள்ள தைரொக்சின்) வடிவாக இருக்கும், ரீ.எஸ்.எச் மட்டும் உண்மையைச் சொல்லிவிடும். இந்தச் சோதனைக்குச் சாப்பிடாமல் வரவும் தேவையில்லை. கோவா, மரவள்ளி தைரொயிட்டுக்குக் கூடாதாமே, சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அவித்து, அளவோடு சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

இப்போது அன்ரியின் கப்சூலுக்கு வருவோம். வேண்டாம், தங்கச்சி.

கடற்பாசியில் இருப்பது அயடீன். இலங்கையில் 1995 இலிருந்து சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம். அதோடு மீனும் நண்டும் இறாலும் தின்னும் ஊர் நாங்கள். உங்கள் வயதுப் பெண்களுக்குச் சுரப்பி சோர்வது பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்குவதால். அதற்குள் மேலும் அயடீனைக் கொட்டினால் சோர்ந்த சுரப்பி இன்னும் சோரும். சில கப்சூல்களில் இதைவிடப் பெரிய கள்ளம் இருக்கிறது. தைரொயிட்டுக்கு நல்லது என்று அமெரிக்காவில் விற்ற 10 வகையை ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டார்கள். 9 இல் தைரொயிட் சுரப்பியின் இன்னொரு ஹோர்மோனான ரீ-3 ஏ இருந்தது, 5 இல் ரீ-4 உம் இருந்தது. "எடுத்த உடனே உசார் வந்தது" என்று சொல்வதன் இரகசியம் இதுதான். எவ்வளவு இருக்கிறது என்று போத்தலில் எழுதமாட்டார்கள். முடி கொட்டுவதற்கு என்று விற்கும் கப்சூல்களில் பயோட்டின் என்ற விற்றமின் இருக்கும். அது சில ஆய்வுகூட இயந்திரங்களையே ஏமாற்றி ரீ.எஸ்.எச்சைக் குறைத்துக் காட்டும். அன்ரி, தன் கப்சூல்தான் வேலை செய்தது என்று, அந்த ரிப்போட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவா!

அவவிலும் பிழை சொல்ல மனமில்லை. அவவுக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர், கீழே ஆள் சேர்த்தால் கொமிசன். "கனடாவில் எல்லோரும் எடுக்கினம்" என்பார்கள். கனடாவில் இருக்கும் எங்கள் சனமும் தைரொக்சின்தான் போடுகிறது. அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தரும் குளிசையை விட்டுவிட்டு 9,500 ரூபா கொடுக்க வைப்பவர் உங்கள் வருத்தத்தை மாற்ற வரவில்லை.

ஒரேயொரு நிலைமையில் மட்டும் நான் மேலே சொன்ன பொறுமை செல்லாது. நீங்கள் பிள்ளைத்தாச்சியானால், கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கக்கூடாது. முதல் மாதங்களில் சிசுவுக்குத் தன் ஹோர்மோன் இல்லை, மூளை வளர்வதற்கு அம்மாவினதுதான். மருந்துத் தேவை கால்பங்குக்கு மேல் கூடிவிடும். அதனால்தான் கிழமைக்கு 7 குளிசை போடுகிறவர் 9 ஆக்கவேண்டும் என்று வைத்தியர்கள் சொல்வது வழக்கம். உங்களுக்கு எத்தனை என்பதை, பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே டொக்டரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதுவித்து வையுங்கள். சோதனையில் இரண்டு கோடு தெரிந்த அன்றே அதைத் தொடங்கி, அந்தக் கிழமையே இரத்தம் கொடுங்கள். பிறகு பாதிக் கர்ப்பகாலம் வரை 4 கிழமைக்கு ஒரு தடவை சோதிக்கவேண்டும். இந்தக் காலத்தில் குளிசையை ஒருநாளும் விடாதீர்கள், விரதம் என்றாலும்.

மருத்துவமாது இரும்புச்சத்தும் கல்சியமும் திரிபோசாச் சத்துமாவும் தருவா. மூன்றையும் கட்டாயம் எடுங்கள், ஆனால் காலையில் வேண்டாம். திரிபோசாவில் சோயா இருக்கிறது, அதுவும் தைரொக்சினை மறிக்கும். அதைப் பின்னேரம் சாப்பிடுங்கள், கல்சியத்தை இரவில் போடுங்கள்.