எரிசக்தி நிறுவனங்களுக்கு டேட்டா சென்டர் எதற்கு? காரைக்குடியிலிருந்து கேள்வி பதில்

காற்றாலை, எண்ணெய் நிறுவனங்களின் சர்வர் அறைகளிலேயே என் இருபத்திரண்டு வருடம் போனது. இப்போது ஊரோடு வந்துவிட்டேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

தேவகோட்டை மாணவர்: அண்ணே, கரண்ட் கம்பெனிக்கு எதற்கு இவ்வளவு சர்வர்?

தம்பி, ஸ்மார்ட் மீட்டரையே எடுத்துக்கொள். அரை மணிக்கு ஒரு பதிவு என்றால் மீட்டருக்கு நாளைக்கு 48. லட்சம் மீட்டருக்கு 48 லட்சம். காற்றாலை, சோலார் என்றால் ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லணும். சொன்னதற்கும் தந்ததற்கும் வித்தியாசம் கூடினால் பணம் கட்டணும். சர்வர் படுத்தால் காற்றாலை நிற்காது, அதன் கன்ட்ரோலர் கோபுரத்திலேயே இருக்கிறது. இந்தக் கணக்குதான் நின்றுபோகும். எண்ணெய் தேடுபவர்கள் பாடு வேறு. பூமிக்குள் அதிர்வை அனுப்பி எதிரொலியைப் பதிவுசெய்யும் நில அதிர்வு ஆய்வுத் தரவு டெராபைட் டெராபைட்டாக வரும். பல வருடம் கழித்துப் புது மென்பொருளில் திரும்ப அலசுவார்கள் என்பதால் எதையும் அழிக்க மனம் வராது.

காரைக்குடி நண்பர்: எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிடலாமா?

பில்லும் மீட்டர் கணக்கும் போகட்டும். கன்ட்ரோல் ரூம் ஸ்காடா, அதாவது தூரத்திலிருந்தே கருவிகளைக் கண்காணித்து இயக்கும் அமைப்பு, உங்கள் கையில் இருக்கணும். இணையம் அறுந்த நேரத்திலும் பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிவரும். அலுவலக நெட்வொர்க்கையும் அதையும் ஒன்றாகக் கோக்காதீர்கள். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைனில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தது அலுவலகக் கம்ப்யூட்டர்களில்தான். அது பரவிவிடுமோ என்று எண்ணெய்க் குழாயையே நிறுத்தினார்கள்.

சிவகங்கை நண்பர்: யூபிஎஸ் பேட்டரி ஐந்து வருடம் வரும் என்றார்கள், இரண்டே வருடத்தில் போய்விட்டது.

பேட்டரியை எங்கே வைத்தீர்கள்? லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேலே போகும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நான் பார்த்த ஒரு சைட்டில் சர்வருக்கு ஏசி, பேட்டரிக்கு மாடிப்படியின் அடி. பேட்டரிகளின் பக்கங்கள் உப்பி, ஸ்டாண்டிலிருந்து ஒன்றைக்கூட உருவ முடியவில்லை. தயவுசெய்து பேட்டரியைச் சூட்டில் போடாதீர்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி: தம்பி, எங்கள் வீடு பூட்டியே கிடக்கிறது. மே மாதத்திலும் வளவு, அதுதான் முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு, குளுகுளுவென்று இருக்கும். சர்வருக்கு வாடகைக்கு விடலாமா?

ஆச்சி, அந்தக் குளுமை எனக்கும் தெரியும். ஆனால் சர்வர்களை அடுக்கிய ஒரு ரேக் 5 கிலோவாட் தின்றால் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். தண்ணீர் சுடவைக்கும் ஒரு கிலோவாட் ஹீட்டர் ஐந்தை ராப்பகலாக எரியவிட்டது போல. அந்த ஒரு ரேக்குக்கே ஒன்றரை டன் ஏசி ஓயாமல் ஓடணும்.

தேவகோட்டை மாணவர்: அண்ணே, அந்தக் கனத்த சுண்ணாம்புச் சுவர் சூட்டை இழுத்துக்கொள்ளாதா?

இழுக்கும் தம்பி, நல்ல கேள்வி. ஆனால் பகலில் வாங்கியதை ராத்திரி முற்றத்து வழியாக விட்டால்தான் மறுநாள் மறுபடி வாங்க முடியும். சர்வர் ராத்திரியும் சூடு தரும், சுவருக்கு இறக்கிவைக்க நேரமே கிடையாது.

கோட்டையூர் நண்பர்: முற்றத்துக்குக் கண்ணாடி போட்டு ஏசி வைத்தால் முடிந்தது!

வேண்டாம் ஐயா. காற்றும் மழையும் இறங்கும் வாயை அடைத்துவிட்டால் அந்த வீட்டில் என்ன மிச்சம்? மூடாமல் விட்டால் தூசியும் ஈரமும் ரேக்குக்குள் போகும். சர்வருக்குள் போகும் காற்று 18-லிருந்து 27 டிகிரிக்குள் இருக்கச் சொல்கிறார்கள். ஆச்சி, திரையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு முகப்பைக் கொடுங்கள், சந்தோஷமாக உட்காருவார்கள். சர்வர் வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

பள்ளத்தூர் நண்பர்: பேட்டரி அறைக்கு ஃபேன் போதுமா?

போதாது. வெளியே 38 டிகிரி என்றால் ஃபேன் 38 டிகிரிக் காற்றைத்தான் தள்ளும்.

புதுவயல் நண்பர்: லித்தியம் நல்லதா?

அதன் வேதியியல் என் துறை இல்லை. நம்மூர் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள், அங்கே கேளுங்கள்.

இன்னொரு காரைக்குடி நண்பர்: எங்கள் பேட்டரியும் சீக்கிரம் போகிறது, ஏன்?

சிவகங்கைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். அப்புறம், தெர்மாமீட்டரை வாசல் சுவரில் மாட்டாமல் பேட்டரி வரிசைக்கு நடுவில் வைத்து மதியம் இரண்டு மணிக்குப் பாருங்கள்.